வேலை கேட்கும் நாய்

பெங்களூர் அல்சூர் ஏரிக்கு அருகே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. மூன்றாவது மாடி பால்கனியில் ஆறு பூந்தொட்டிகள் இருந்தன. ஐந்து இப்போது காலி. துளசியை மட்டும் ஸ்டூல் மேல் ஏற்றிக் காப்பாற்றியிருக்கிறார் வீட்டுக்கார அம்மாள். மற்றவற்றைத் தோண்டித் தள்ளியது பட்டாணி. எடை ஆறு கிலோ, உயரம் ஓரடிக்கும் குறைவு. ஜாக் ரஸ்ஸல் டெரியர்.

வாங்கியவர் மகன். ஜெர்மனியில் வேலை கிடைத்ததும், "ஆறு மாசம்தாம்பா, செட்டில் ஆனதும் கூட்டிக்கிறேன்" என்று விட்டுப் போனார். ஒன்றரை வருடமாகிவிட்டது. அப்பா, பொதுத்துறை ஆலை ஒன்றில் 34 வருடம் மெஷின் ஷாப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன நாய்தானே, ஒரு மூலையில் கிடக்கும் என்று நினைத்தார். அது கிடக்கவில்லை. லிஃப்ட் கதவு திறந்தால் குரைத்தது. சோபாவின் பஞ்சைப் பிடுங்கியது. பேப்பர் போடும் பையனின் பேன்ட்டைக் கவ்வியது. நாயை அப்புறப்படுத்தும்படி குடியிருப்போர் சங்கத்திலிருந்து நோட்டீஸ் வந்தது.

பட்டாணியின் மேல் தவறு சொல்வதற்கு முன் அதன் பரம்பரையைப் பார்க்க வேண்டும். 'டெரா' என்றால் லத்தீனில் மண். டெரியர் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. வளைக்குள் புகுந்து இரையை விரட்டும் நாய் என்று பொருள். ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்த ஜான் ரஸ்ஸல், 1819ல் ஒரு பால்காரரிடம் 'டிரம்ப்' என்ற பெட்டை நாயை வாங்கினார். பிறகு பாதிரியாராகி, நரி வேட்டைக்கென்று அவர் வளர்த்த வம்சமே இது. வளைக்குள் எஜமானரின் கட்டளை எட்டாது. நாயே முடிவெடுக்க வேண்டும். விடாமல் குரைத்தால்தான் அது எங்கே இருக்கிறது என்று மேலே நிற்பவருக்குத் தெரியும். தோண்டுவது, குரைப்பது, பின்வாங்காமல் நிற்பது என்று வீட்டில் குற்றமாகத் தெரிவதெல்லாம் அதன் தொழில் திறமை.

இந்தக் குணத்துக்குப் பழைய சாட்சியும் உண்டு. எச்.எம்.வி. இசைத்தட்டில் கிராமபோன் குழல் முன் சாதுவாகத் தலைசாய்த்து உட்கார்ந்திருக்கிறதே, அந்த 'நிப்பர்' ஒரு கலப்பு டெரியர். விருந்தாளிகளின் காலைக் கவ்வியதால் வந்த பெயர் அது. அதன் எஜமானர் 1887ல் இறந்தபோது தம்பி ஃபிரான்சிஸ் பராட் எடுத்து வளர்த்தார். படத்தை வரைந்தவர் அவர்தான்.

பெரியவர் சட்டத்தை விசாரித்தார். சங்கங்கள் பெரும்பான்மை ஓட்டெடுத்துக்கூட வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது என்று விலங்குகள் நல வாரியம் 2015லேயே வழிகாட்டு விதிகள் வெளியிட்டிருக்கிறது. அந்தக் காகிதத்தோடு கால்நடை மருத்துவரிடம் போனார். "சார், இது நாயை வீட்டில் வைத்துக்கொள்ள உதவும். குரைப்பை நிறுத்தாது. இதுக்கு வேலை வேணும்" என்றார் மருத்துவர்.

பெரியவர் ஓசூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் நண்பரிடம் கேட்டார். எலி பிடிக்கும் என்று அவர் உடனே சம்மதித்தார். மருத்துவருக்கு அதில் மகிழ்ச்சி இல்லை. பாம்பைப் பார்த்தாலும் டெரியர் ஒதுங்காது. எலியிடமிருந்து லெப்டோஸ்பைரோசிஸ் வரலாம்.

அன்றிரவு அம்மாள் சொன்னார்: "ரிட்டயர் ஆன முதல் வருஷம் நீங்களும் இப்படித்தான் இருந்தீங்க. நான் உங்களை எங்கேயும் அனுப்பலையே."

ஓசூருக்குப் போன் போகவில்லை. பால்கனியில் ஒரு பழைய பிளாஸ்டிக் தொட்டி வந்தது, அதில் பாதி மணல். அதற்குள் புதைத்த பிஸ்கெட்டைத் தோண்டி எடுப்பது பட்டாணியின் காலை வேலை. சாப்பாட்டில் ஒரு பகுதி கசக்கிய செய்தித்தாள்களுக்குள் ஒளிந்திருக்கும். காலையும் மாலையுமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் நடை, அதுவும் கயிற்றோடுதான். தன்னைவிட நாலு மடங்கு பெரிய தெரு நாயிடமும் அது சண்டைக்குப் போகும். திரும்பியதும் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி பார்க்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல் நாயின் உயிரை எடுத்துவிடும். வெறிநாய்க்கடி, லெப்டோ தடுப்பூசிகள் வருடம் தவறக்கூடாது. வெங்காயம், திராட்சை, சாக்லேட் கூடவே கூடாது. எடை ஏறினால் முழங்கால் சில்லு நழுவும் தொல்லை அதிகமாகும்.

லிஃப்ட் சத்தத்துக்கு இப்போதும் குரைக்கிறது. இரண்டு முறை குரைத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறது. சங்கம் மறு நோட்டீஸ் அனுப்பவில்லை.

ஒரு கணக்கு மட்டும் பெரியவரை உறுத்துகிறது. பட்டாணிக்கு நாலு வயது. இந்த இனம் பதின்மூன்று வயதைத் தாண்டி வாழக்கூடியது. அவருக்கு அறுபத்தைந்து, முழங்கால் வலி வேறு. ஜெர்மனியிலிருந்து பதில் வரக் காணோம். அதனால் இரண்டாவது மாடிக் கல்லூரி மாணவியிடம், வாரத்தில் இரண்டு மாலை நாயை நடத்திக் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டிருக்கிறார். "சரி அங்கிள்" என்றாள் அவள். முதல் இரண்டு வாரம் அவரும் கூடவே நடந்தார். மூன்றாவது வாரம் கேட்டருகே கயிற்றை அவள் கையில் கொடுத்துவிட்டு நின்றுகொண்டார்.

பட்டாணி ஒரு முறை திரும்பிப் பார்த்தது. பிறகு அவளை இழுத்துக்கொண்டு போனது.