பாதிக்குப் பாதி

ஃபுளோரன்ஸிலிருந்து தெற்கே ஒரு மணி நேர பஸ் பயணத்தில் கிரேவே, கியாந்தி ஒயின் பூமியின் சந்தை ஊர். 1716இல் டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ, எந்தப் பகுதி ஒயினுக்குக் கியாந்தி என்ற பெயர் செல்லும் என்று எல்லை வகுத்த ஆணையிலேயே இந்த ஊர் இருக்கிறது.

மேட்டில் ஏறினால் மோன்டெஃபியோராலே. வளைந்து சுற்றும் கல் சந்து, ஜன்னல்தோறும் பூந்தொட்டிகள். நண்பகலிலும் சமையல் வாசனையோ குழந்தைகளின் சத்தமோ இல்லாததுதான் உறுத்தியது.

சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பல நூற்றாண்டுகளாக வார சாகுபடிதான். திராட்சை, ஆலிவ், கோதுமை எல்லாவற்றிலும் பாதி நிலச்சொந்தக்காரருக்கு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இளைஞர்கள் தொழிற்சாலைகளைத் தேடிப் போனார்கள். புதிய வார ஒப்பந்தங்களை 1964இல் சட்டம் தடை செய்தபோது ஏராளமான பண்ணை வீடுகள் ஏற்கனவே காலி. பிற்பாடு வெளிநாட்டினர் வாங்கினார்கள். வந்து குவிந்த ஆங்கிலேயர்களால், அவர்கள் நாட்டு மாவட்டம் போல 'கியாந்திஷயர்' என்ற கேலிப் பெயரே ஏற்பட்டது. மாட்டுத்தொழுவங்கள் விருந்தினர் அறைகளாயின. குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. மதியம் நான் சாப்பிட்டதும் ஒரு பழைய தொழுவத்தில்தான்.

மாலையில் ஒரு நிலவறையில் ஒயினை ருசி பார்க்கக் கொடுத்தார்கள். ஊற்றிய பெண்மணியின் தாத்தா அதே தோட்டத்தில் வாரதாராம். வீட்டில் அவர் குடித்ததோ, சாறு பிழிந்த சக்கையில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்ததை. நல்ல ஒயின் விற்பனைக்குப் போய்விடும்.

என் கோப்பையில் கால் பங்குதான் ஊற்றியிருந்தார். ஒரு சொட்டும் மீதம் வைக்க மனம் வரவில்லை.