பஞ்சப்படி இல்லாத பென்ஷன்

பணவீக்கம்னு தலைப்பு வச்சா பாதிப் பேர் எட்டிக்கூடப் பார்க்க மாட்டீங்க. அதான் தலைப்பை மாத்திட்டேன் :-)

2025 அக்டோபர் மாதத்துக்கான சில்லறைப் பணவீக்கம் 0.25%னு அறிவிச்சாங்க. டிவியில இதைக் கேட்ட அம்மாவுக்கு ஒரே சந்தேகம்: "அப்ப எண்ணெய் விலை எப்படா குறையும்?"

நியாயமான கேள்விதான். ஆனா பணவீக்கம்ங்கறது விலை ஏறுகிற வேகம். வண்டி 70லேருந்து 10 கிலோமீட்டர் வேகத்துக்கு வந்தாலும் முன்னாடிதானே போகும்? 100 ரூபாய் சாமான் முதல் வருஷம் 7% ஏறினா 107. அடுத்த வருஷம் 1% ஏறினா 108 ரூபாய் 7 பைசா. "பணவீக்கம் சரிவு"னு செய்தி வரும். நம்ம பில் மட்டும் சரியாது.

இன்னொண்ணு, அந்த 0.25 ஒரு சராசரி. அந்த மாதம் காய்கறி விலை முந்தைய வருஷத்தைவிட கால்வாசிக்கு மேல இறங்கியிருந்தது. அதே சமயம் எண்ணெய் 10%க்கு மேல ஏறியிருந்தது. ரெண்டையும் சேர்த்துக் கலக்கினா வர்ற நம்பர் யார் வீட்டுக் கணக்கும் கிடையாது. 2012ஐ அடிப்படையா வச்ச அந்தக் குறியீட்டுல உணவுக்கு கிராமத்துல 54%, நகரத்துல 36% எடை கொடுத்திருந்தாங்க. சம்பளத்துல பெரும்பங்கு சாப்பாட்டுக்கே போற வீட்டுல, அரிசி பருப்பு விலை ஏறினா அடி பலமா விழும்.

விலை ஏறாமலே இருக்கணும்னு யாரும் திட்டம் போடலைங்க. 2016ல ரிசர்வ் வங்கிக்கு வச்ச இலக்கே 4%. அந்த வேகத்துல போனாலே சுமார் 18 வருஷத்துல விலைவாசி ரெட்டிப்பாகும். சம்பளமும் கூடவே ஏறினா சமாளிக்கலாம். ஏறாதவங்க?

அப்பா ஒரு நூல் மில்லுல இருந்து ரிட்டயர் ஆனவர். பி.எஃப். பென்ஷன் மாசம் 2,100 ரூபாய். அரசு ஓய்வூதியருக்கு விலைவாசியைப் பார்த்து அகவிலைப்படி ஏறும். இந்தப் பென்ஷனுக்கு அது கிடையாது. வருஷம் 5% விலை ஏறுதுன்னு வச்சுக்கிட்டா, பத்து வருஷம் கழிச்சு அதே 2,100க்கு பழைய விலையில 1,290 ரூபாய் சாமான்தான் வரும். பேங்க்ல எஸ்எம்எஸ் என்னவோ மாசாமாசம் அதே 2,100னுதான் வருது. யாரும் திருடலை, ஆனா காசு காணாமப் போயிருக்கு.

அதனால ஒரு எக்ஸெல் ஷீட் போட்டேன். மளிகை, பால், கேஸ், மருந்துன்னு வீட்டுல நிஜமா வாங்குறது மட்டும். நாட்டு சராசரி ரொம்பக் குறைவுன்னு சொன்னப்பவும் எங்க வீட்டு நம்பர் அதைவிட நல்லாவே கூட. முக்கியக் காரணம், அப்பாவோட சுகர் மாத்திரை. எஃப்.டி. வட்டியையும் இப்ப இந்த நம்பரோடதான் ஒப்பிடுறேன்.

ஒவ்வொரு ஜனவரியும், ஷீட்டுல எத்தனை சதவீதம் ஏறியிருக்கோ, நான் அனுப்புற பணத்தையும் அவ்வளவு ஏத்திடுவேன். "எதுக்குடா கூட அனுப்புற?"ன்னு அப்பா கேட்டார்.

"பஞ்சப்படிப்பா"ன்னேன். மில்லு வார்த்தை. அதுக்கப்புறம் அவர் மறுப்பு சொல்லலை.

உங்க வீட்டு நம்பர் என்னன்னு ஒரு தடவை போட்டுப் பாருங்க மக்களே.