இரண்டு கயன்ன

வளவாளர் என்ற பெயரில் பல ஆண்டுகள் கொடுப்பனவு வாங்கியிருக்கிறேன். சிங்களப் பாடசாலைகளில் தரம் 6 முதல் இரண்டாம் மொழித் தமிழ் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்குச் செயலமர்வு நடத்துவது என் வேலை. அதற்கு வேண்டிய அறிவு என்னிடம் இருக்கவில்லை. இருந்தது தமிழ்ச் சிறப்புப் பட்டமும், நன்னூல் மனப்பாடமும், தாய்மொழிக்காரன் என்ற மிதப்பும்தான்.

தெமட்டகொடையில் ஒரு பாடசாலை மண்டபத்தில் அது வெளுத்தது. சிங்கள ஆசிரியை ஒருவர் எழுந்தார். "சேர், காகத்தில் இரண்டு க இருக்கிறது. முதலாவதை ஒரு மாதிரி, இரண்டாவதை வேறு மாதிரி வாசிக்கிறீர்கள். தங்கையில் வரும் க இன்னொரு மாதிரி. பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?"

சிங்களத்தில் இதற்குத் தனித்தனி எழுத்து உண்டு. தொண்டை அதிராமல் வருவது கயன்ன, அதிர்ந்து வருவது கயன்ன. பாருங்கள், தமிழில் எழுதப்போனால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அவருடைய சங்கடம் முழுக்க இதற்குள் அடக்கம். எனக்கு விடை தெரியாது. பேசத் தொடங்கிய நாள் முதல் சரியாகவே உச்சரித்து வருபவனுக்கு விதி எதற்கு? "பழகப் பழக வரும்" என்றேன். அவர் உட்காரவில்லை. "பழக்கமே இல்லாத பிள்ளைக்கு..." என்று இழுத்தார்.

"மிஸ், முதலில் நீங்கள் ழகரத்தை ஒழுங்காகச் சொல்லப் பழகுங்கள்."

மண்டபம் சிரித்தது. அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை. பின்னேரம் நிரப்பித் தந்த மதிப்பீட்டுப் படிவங்களில் "மிகவும் பயனுள்ளது" என்று இருந்தது. நானும் நம்பினேன்.

விடை ஒன்றும் பரம இரகசியம் அல்ல. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே இருக்கிறது. வல்லினம் சொல்லுக்கு முதலிலும் இரட்டிக்கும்போதும் அதிராது. மெல்லினத்தை அடுத்தும் இரண்டு உயிர்களுக்கு நடுவிலும் அதிரும். நடுவில் வரும் ககரத்தை எங்கள் வாய் இன்னும் நெகிழ்த்தி, கிட்டத்தட்ட ஹகரமாக்கிவிடுகிறது என்பதை மட்டும் கூடச் சொல்ல வேண்டும். காகம், அக்கா, தங்கை மூன்றும் போதும், பத்து நிமிடத்தில் விளக்கிவிடலாம். கால்டுவெல்லின் பெயரை மேடைகளில் முழங்கியவன் நான். புத்தகத்தைப் பிரித்தது அந்த ஆசிரியையை வாயடைத்த பிறகு.

அதைவிடக் கேவலம், சான்று என் வாயிலேயே இருந்தது. சிங்களம் நான் வகுப்பில் படித்ததல்ல. பேஸ்லைன் வீதியிலும் பஸ்ஸிலும் சாப்பாட்டுக் கடையிலும் பொறுக்கியது. சோற்றுக்கான சிங்களச் சொல் அதிர்வோடு தொடங்கும். நானோ 'பழம்' என்பதுபோலத் தொடங்குவேன். அந்த ஆசிரியையின் சிக்கலேதான், மறுபக்கத்திலிருந்து. கடைக்காரர் ஒருநாளும் சிரித்ததில்லை. சோற்றைப் போட்டுவிட்டு என்ன கறி என்று கேட்பார்.

1956இல் சிங்களம் மட்டும் என்றார்கள். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சுற்றறிக்கை, புதிதாகச் சேரும் அரச ஊழியர் மற்ற மொழியையும் 5 ஆண்டுக்குள் கற்க வேண்டும் என்றது. இவையெல்லாம் ஒழுங்காக நடைமுறைக்கு வரவில்லை என்று காரசாரமாகக் கட்டுரை எழுதியவர்களில் நானும் ஒருவன். தமிழைக் கேட்டு வந்தவரைச் சபையில் சிரிக்கவைத்துத் துரத்தியவனும் நான்தான். அவருடைய வகுப்பில் எத்தனை பிள்ளைகள் அந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருந்தார்களோ.

பிந்திய ஒரு செயலமர்வில் அந்த விதியைக் கரும்பலகையில் எழுதி விளக்கினேன். நன்றாகவே போனது. கேள்வி ஓர் ஆசிரியையுடையது என்று மூச்சுவிடவில்லை. நானே தோண்டியெடுத்த புதையலாகக் காட்டிக்கொண்டேன். முன்வரிசையில் இளம் ஆசிரியர் ஒருவர் கையுயர்த்தினார்.

"அப்படியென்றால் குணம் என்பதை மட்டும் ஏன் சேர் முதலிலேயே அதிர்த்துச் சொல்கிறீர்கள்?"

வடமொழியிலிருந்து வந்த சொல். சிங்களத்திலும் 'குண' இருக்கிறது, அதிர்ந்துதான் வரும். கேட்டிருந்தால் என்னைவிடத் தெளிவாக அவரே சொல்லியிருப்பார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, தேநீர் இடைவேளை என்று அறிவித்தேன்.