ஏணியின் அடியில்

அரபு மொழியில் ஏணிக்கு 'ஸுல்லம்' என்று பெயர். ஸீன், லாம், மீம் என்னும் மூன்று எழுத்துகள் அதன் வேர். 'ஸலாமத்' என்னும் சொல்லுக்கும் அவையே வேர். ஏறுவோரைப் பத்திரமாக உயரத்தில் கொண்டு சேர்ப்பதால் அப்பெயர் வந்தது என்று அகராதி ஆசிரியர்கள் சிலர் விளக்குவர். இதை நாம் பல்லாண்டுகளாக மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறோம். ஆயினும் அதன் பொருள் நமக்கு உறைத்தது ஓர் ஐப்பசி மாலையில்தான்.

அன்று பெய்த மழையில் நம் பள்ளிவாசல் தெருவில் மின்கம்பி அறுந்துவிட்டது. ஒப்பந்தக் கூலியாக வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் ஏணியோடு வந்தார். நம்மிடம் ஓதிய பிள்ளைதான்.

"துணையாள் வரட்டும், ஹஜரத்" என்றார்.

"மஃரிபு நெருங்குகிறது, தம்பி. சீக்கிரம் முடித்துக் கொடு" என்றோம்.

உஸ்தாதின் சொல்லைத் தட்டாத பிள்ளை, மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஏறினார். சந்து குறுகல், ஏணி கம்பத்தை ஒட்டிச் செங்குத்தாக நின்றது. எட்டாத கம்பியைப் பிடிக்க அவர் பக்கவாட்டில் சாய்ந்தபோது ஏணியும் சரிந்தது. ஏறத்தாழ 15 அடி உயரம். ஓடிவந்தவர்கள் எல்லாரும் "கரண்ட் அடித்ததா?" என்றே கேட்டார்கள். மின்சாரம் அவரைத் தொடவே இல்லை.

நாம் அவரைக் கையும் காலுமாகத் தூக்கி ஆட்டோவில் கிடத்தினோம். முதுகெலும்பு முறிந்திருக்கக்கூடியவரை அப்படித் தூக்கலாகாது என்பதையும் அன்றுதான் அறிந்தோம். உயரத்திலிருந்து காலூன்றி விழுந்தால் குதிகால் நொறுங்குவதோடு, அந்த அதிர்ச்சி முதுகெலும்பு வரை ஏறும் என்றார் மருத்துவர். அவருக்கு இரண்டும் முறிந்திருந்தன.

படுக்கையில் இருந்தபடியே அவர் நமக்குப் பாடம் சொன்னார். ஏணி 12 அடி உயரத்தில் சாய்ந்தால், அதன் கால் 3 அடி தள்ளி நிற்க வேண்டும். ஒட்டி நின்றால் கவிழும். மிகவும் தள்ளி நின்றால் வழுக்கும். தலைப்பைக் கம்பத்தோடு கட்ட வேண்டும். கட்டி முடியும் வரை கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். மேலே போனதும் இடுப்பு பெல்ட்டை மாட்ட வேண்டும். உடல் ஏணியின் சட்டங்களைத் தாண்டிச் சாயக்கூடாது. இவை எல்லாம் அவருக்கு முன்பே தெரியும். தெரிந்தும் நமக்காக ஏறினார்.

"நஸீபு, ஹஜரத்" என்றார் அவருடைய தாயார். நமக்கு நா எழவில்லை. நஸீபின்மேல் பாரத்தைப் போட்டுவிட்டால், நம் அவசரத்தை யார்மேல் போடுவது? ஏணியின் அடியில் கைகட்டி நின்றவர்கள் நாமல்லவா?

இப்போது அவர் கைத்தடியோடு நடக்கிறார், கம்பம் ஏறுவதில்லை. அன்று மஃரிபுத் தொழுகை மெழுகுவத்தி வெளிச்சத்தில் குறைவின்றி நடந்தது. அந்த வெளிச்சம் முன்னரே நமக்குப் போதுமானதாக இருந்திருக்க வேண்டும்.

அன்பர்களே, உங்கள் வாசலில் ஒருவர் ஏணியைச் சாத்தினால் அவரை அவசரப்படுத்தாதீர்கள். துணையாள் வரும்வரை இருட்டில் இருங்கள். 'ஸுல்லம்' பாடம் வரும்போதெல்லாம் பிள்ளைகளுக்கு இதையும் சேர்த்தே சொல்கிறோம்.