பாவு காயும் நேரம்

பருப்பொருளின் நிலைகள் திண்மம், திரவம், வாயு. இது நாம் எல்லோரும் மனப்பாடம் செய்ததுதான்.

"தண்ணீர் எப்போது ஆவியாகும்?" என்று ஒருநாள் ஆசிரியர் கேட்டார். "100 டிகிரியில் சார்" என்றேன். "அப்போ உங்க தெருவுல பாவுக்குப் போட்ட கஞ்சியை யாருப்பா கொதிக்க வச்சுக் காய வைக்கிறாங்க?" என்றார். வகுப்பே சிரித்தது!

எங்கள் வீடு சின்ன காஞ்சிபுரத்தில். அப்பா பட்டு நெசவாளர். பாவு என்பது சேலையின் நீளவாட்டு இழைகள். தறியில் இழை அறாமல் இருக்க, விடியற்காலையில் அதைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி அரிசிக் கஞ்சி போடுவார்கள். கஞ்சித் தண்ணீர் கொதிப்பதே இல்லை. ஆனாலும் காய்ந்துவிடும்.

எப்படி? திரவத்தின் மூலக்கூறுகள் எல்லாம் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. மேற்பரப்பில் வேகமாக இருப்பவை 100 டிகிரிக்குக் கீழேயும் தப்பித்துக் காற்றில் கலந்துவிடும். இதுதான் ஆவியாதல். திரவம் முழுவதும் குமிழி விட்டு வாயுவாக மாறுவது கொதித்தல். சாதாரணக் காற்றழுத்தத்தில் தண்ணீருக்கு அது 100 டிகிரி செல்சியஸ். பாவை விரித்துக் கட்டினால் மேற்பரப்பு கூடும், காற்றும் ஆவியை அள்ளிக்கொண்டு போகும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும். தப்பித்த மூலக்கூறுகளுக்கு ஈடாகக் காற்றிலிருந்து பல திரும்பி வந்து ஒட்டும். பாவு காயாது. தறி ஓடாது. கூலியும் இல்லை. அப்பா திண்ணையில் உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஈரப்பதம் என்றால் என்ன என்று யார் கேட்டாலும், எனக்கு முதலில் அந்த முகம்தான் ஞாபகம் வருகிறது.