உழைப்பாளர் சிலையும் ஒரு அசைன்மென்ட்டும்

பாக்கெட்ல இருபது ரூபாய். பக்கத்துல ஒரு பொண்ணு. மணி சாயந்திரம் நாலரை. சென்னையில எங்க போவீங்க? எந்த காலேஜ் பையனைக் கேட்டாலும் ஒரே பதில்தான்... பீச்! எத்தனை மால் வந்தாலும் சரி, டிக்கெட் கேக்காத, பில் நீட்டாத, 'வேற என்ன சார் வேணும்?'னு தலைமேல வந்து நிக்காத ஒரே இடம் மெரினாதான்.

எனக்கு அந்த மணல் காதலைச் சொல்லிக் குடுத்ததுக்கு முன்னாடி, கட்டுரை எழுதச் சொல்லிக் குடுத்துச்சு. அந்தக் கதைதான் இது.

2007-ல காமராஜர் சாலையில இருக்குற ஒரு காலேஜ்ல எம்.ஏ. வரலாறு சேர்ந்தேன். சொந்த ஊர் செய்யாறு பக்கம் ஒரு கிராமம். ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். தங்குனது திருவல்லிக்கேணி மேன்ஷன்ல. எட்டுக்குப் பத்து ரூம், மூணு பேர், ஒரே ஃபேன். காலையில பக்கெட்டோட பாத்ரூம் க்யூவுல நின்னு குளிச்சு, பைகிராஃப்ட்ஸ் ரோட்டுல (இப்போ பாரதி சாலை) பிளாட்பார பழைய புத்தகங்களைத் தாண்டி நடந்தா, கடைசியில சடார்னு கடல் தெரியும். முதல் நாள் அப்படியே நின்னுட்டேன். எங்க ஊர் ஏரியைத் தவிர அவ்வளவு தண்ணி பார்த்தது இல்ல.

வரலாறு படிக்கிறவனுக்கு அந்த ரோடே ஒரு சிலபஸ். 1768-ல ஆற்காடு நவாபுக்காகக் கட்டுன சேப்பாக்கம் மாளிகை. அதுக்கு அடுத்தாப்ல ராபர்ட் சிஸம் வடிவமைச்சு 1879-ல முடிஞ்ச சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸ். தெற்கால போனா, சர்.சி.வி.ராமனும் அவரோட அண்ணன் மகன் சந்திரசேகரும் படிச்ச மாநிலக் கல்லூரி. அதாவது ஒரே காலேஜ், ஒரே குடும்பம், ரெண்டு நோபல்! இன்னும் கொஞ்சம் நடந்தா, அமெரிக்காவுல இருந்து கப்பல்ல வந்த ஐஸ்கட்டியை அடுக்கி வெச்சிருந்த ஐஸ் ஹவுஸ். 1897-ல விவேகானந்தர் தங்குனதால இப்போ அது விவேகானந்தர் இல்லம். அதையும் தாண்டினா 1914-ல ஆரம்பிச்ச ராணி மேரி கல்லூரி. 2003-ல அந்த இடத்துல தலைமைச் செயலகம் கட்டப் போறோம்னு அரசு சொன்னப்போ, 'எங்க காலேஜைத் தொடாதே'னு மாணவிகள் உள்ளேயே உட்கார்ந்து போராடி ஜெயிச்சாங்க.

எதிர்ப்பக்கம் வரிசையா சிலைகள். 1968 உலகத் தமிழ் மாநாட்டுக்காக வெச்சது மட்டும் பத்து. முதல் செமஸ்டர்ல எங்க புரொபசர் சிம்பிளா ஒரு குண்டு போட்டார். "மெரினா சிலையில ஏதாவது ஒண்ணு எடுத்துக்கங்க. பத்துப் பக்கம். இங்கிலீஷ்ல."

நான் என்ன பண்ணினேன்? பிரவுசிங் சென்டர்ல ஒரு மணி நேரம், இருபது ரூபாய். உழைப்பாளர் சிலை பத்தி கிடைச்சதை எல்லாம் வெட்டி ஒட்டி, பைண்டிங் போட்டுக் குடுத்துட்டேன். அடுத்த வாரம் பேப்பர் திரும்பி வந்துச்சு. மார்க் இல்ல. கடைசிப் பக்கத்துல சிவப்பு மையில தமிழ்ல ஒரே வரி: 'இதுல நீ எங்கப்பா இருக்க?'

கிளாஸே சிரிச்சுது. ஒருத்தி மட்டும் சிரிக்கல.

அவ ராயபுரத்துப் பொண்ணு. பீச் ஸ்டேஷன்ல பறக்கும் ரயில் மாறி, சேப்பாக்கத்துல இறங்கி, பக்கிங்ஹாம் கால்வாய் நாத்தத்துக்கு மூக்கைப் பொத்திக்கிட்டே வருவா. மதியம் கேன்டீன்ல வந்து கேட்டா. "நீ அந்தச் சிலையை நேர்ல பார்த்திருக்கியா?"

"தினமும் பஸ்ல போறப்ப..."

"பஸ்ல போறப்ப பார்த்தா சிலை எங்க தெரியும்? நாளைக்குக் காலையில ஆறரைக்கு வா. நோட்டு எடுத்துட்டு வா. தமிழ்லயே எழுது. அப்புறம் இங்கிலீஷைப் பார்த்துக்கலாம்."

வாழ்க்கையில ஒரு பொண்ணு என்னைக் கூப்பிட்ட முதல் இடம், உழைப்பாளர் சிலை. முதல் கிஃப்ட், ரெனால்ட்ஸ் பேனா. போதுமா?

நாலு பேர் ஒரு பாறையை நெம்பித் தள்ளுற சிலை. செஞ்சவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, சென்னை ஓவியப் பள்ளிக்கு முதல்வரா இருந்தவர். 1959 குடியரசு தினத்துக்கு முந்தின நாள் திறந்தாங்க. மாடலா நின்னவங்கள்ல அந்தப் பள்ளியோட இரவுக் காவலாளியும் ஒரு மாணவரும் உண்டு. இந்தக் கடற்கரையிலதான் சிங்காரவேலர் 1923-ல மே தினம் கொண்டாடினார். இந்தியாவுலேயே அதுதான் முதல்முறை. இதெல்லாம் நான் வெட்டி ஒட்டுனதுலயும் இருந்துச்சு. ஆனா அவ சொன்னது எந்த வெப்சைட்லயும் இல்ல.

"எங்கப்பா ஹார்பர்ல மூட்டை தூக்குறவர். சின்ன வயசுல என்னை இங்க கூட்டிட்டு வந்து, 'கையைப் பார்க்காத, காலைப் பாரு'னுவார். பாரம் தூக்குறவன் பலம் கால்ல இருக்கு. ஒருத்தன் கால் வழுக்குனா நாலு பேரும் காலி."

அப்புறம்தான் நான் அந்தக் கால்களைப் பார்த்தேன். சேத்துல ஊன்றி நாத்துக்கட்டு தூக்கற எங்கப்பாவோட கால் ஞாபகம் வந்துச்சு. அங்கேயே உட்கார்ந்து நாலு பக்கம் எழுதிட்டேன். ஒரு வாரம் ரெண்டு பேரும் லைப்ரரியில டிக்‌ஷனரியோட மல்லுக்கட்டி அதை இங்கிலீஷ் ஆக்கினோம். பத்துக்கு ஆறு மார்க். கீழே அதே சிவப்பு மை: 'இப்ப இருக்க.'

அதுக்கப்புறம் வாரத்துல ரெண்டு நாள் மெரினா. அதுக்கு டேட்டிங்னு நாங்க பேரு வைக்கல. மத்த ஜோடிங்க படகு நிழல்ல துப்பட்டாவைக் குடையாக்கி உட்கார்ந்திருப்பாங்க. நாங்க விளக்குக் கம்பத்துக்குக் கீழ ஜெராக்ஸ் நோட்ஸோட உட்கார்ந்திருப்போம். அஞ்சு ரூபாய் சுண்டல்ல ஆளுக்குப் பாதி. ஒரு நாள் நான் காசு, ஒரு நாள் அவ காசு. கணக்கு அவ நோட்டோட கடைசிப் பக்கத்துல பக்காவா இருக்கும். இருட்டுறதுக்குள்ள அவ ரயில் ஏறிடணும்.

ஒரு சாயந்திரம் கையில லத்தியோட ஒருத்தர் வந்தார். "யாரு நீங்க? வீட்டு நம்பர் குடுங்க, பேசிடலாம்." எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. ஊர்ல அப்பாவுக்கு போன் போனா படிப்பு அதோட சரி. அவளுக்கும் அதேதான். ஆனா அவ எழுந்திரிக்கக்கூட இல்ல. நோட்டை நீட்டி, "நாளைக்கு எக்ஸாம் சார். 1857 புரட்சிக்குக் காரணம் என்னன்னு இவனுக்கு வரவே மாட்டேங்குது. நீங்க கேளுங்க" அப்படின்னா. அவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சீக்கிரம் கிளம்புங்கம்மா"னு போயிட்டார். அன்னிக்கு ராத்திரி மேன்ஷன்ல எனக்குத் தூக்கமே வரல. அது பயத்தால இல்லைங்க.

2009 ஏப்ரல். கடைசிப் பரீட்சை முடிஞ்ச அன்னிக்கு, அதே சிலைக்குக் கீழ சொல்லிட்டேன். அவ ரொம்ப நேரம் கடலையே பார்த்தா.

"எனக்கும் பிடிக்கும்டா. ஆனா எனக்குக் கீழ ரெண்டு பேர் படிக்கணும். அப்பாவுக்கு முதுகு போச்சு. நான் காலை எடுத்தா எல்லாரும் விழுந்துடுவாங்க."

'நானும் கூட நின்னு தள்ளுறேனே'னு சொல்லியிருக்கலாம். எனக்கே வேலை இல்ல. சொல்ல வாய் வரல. சுண்டல் வாங்கினோம். அன்னிக்கு அவ முறை. அவதான் காசு குடுத்தா.

இப்போ அவ ஒரு அரசுப் பள்ளியில டீச்சர். தங்கச்சி நர்ஸ், தம்பி இன்ஜினீயர். நானும் வாத்தியார்தான். வருஷா வருஷம் மே 1-ம் தேதி ஒரு மெசேஜ் வரும். 'கால் எப்படி இருக்கு?' 'ஊனியிருக்கேன்'னு பதில் போடுவேன். அவ்வளவுதான்.

என் பசங்க நெட்ல சுட்ட அசைன்மென்ட் குடுக்கும்போது எனக்குக் கோபமே வராது. சிவப்புப் பேனா எடுத்து அந்த ஒரு வரியை எழுதித் திருப்பிக் குடுப்பேன்.

அடுத்த தடவை மெரினா போனா, பஜ்ஜிக்கு முன்னாடி அந்தச் சிலைகிட்ட ரெண்டு நிமிஷம் நில்லுங்க பாஸ். கையைப் பார்க்காதீங்க... காலைப் பாருங்க!