செய், ஆயிற்று

லூத்தரன் இறையியலில் ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்ளச் சொன்னால், நியாயப்பிரமாணத்துக்கும் சுவிசேஷத்துக்கும் இடையிலான வேறுபாட்டைத்தான் எடுத்துக்கொள்வேன். பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு என்ற பிரிவுதான் இது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இரண்டிலுமே இரண்டும் உண்டு. ஒரு வாக்கியம் கேட்பவரை என்ன செய்கிறது என்பதில்தான் வேறுபாடு. நியாயப்பிரமாணம் ஏவல் வினையில் பேசும்: செய். எவ்வளவு செய்தாலும் அது தீராது. சுவிசேஷம் முடிந்த வினையில் பேசும்: ஆயிற்று. 1518இல் ஹைடல்பர்க் விவாதத்துக்கு லூதர் எழுதிய கூற்றுகளில் ஒன்றின் சாரம் இது.

லூதருக்கு இது வெறும் படிப்பு விஷயமாக இருக்கவில்லை. மடத்தில் மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் செய்தும் மனம் ஆறாதவர். 'கடவுளின் நீதி' என்ற சொல்லையே வெறுத்ததாக 1545இல் எழுதினார். அது நம்மிடம் கேட்கப்படும் நீதி அல்ல, நமக்குக் கொடுக்கப்படும் நீதி என்று பிடிபட்ட பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

எங்க அத்தையின் மகன் இருபத்திரண்டு வயதில் தற்கொலை செய்துகொண்டான். துக்கம் விசாரிக்க வந்த ஒரு போதகர், "குடும்ப ஜெபம் ஒழுங்கா நடந்திருந்தா இப்படி ஆகியிருக்குமாம்மா?" என்று கேட்டார். அதன்பின் இரண்டு வருடம் அத்தை திருவிருந்துக்கு எழுந்து போகவில்லை. கோயிலுக்கு வருவார், கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். கேட்டால், "எனக்கு அந்தத் தகுதி இல்லப்பா" என்பார்.

சி.எஃப்.டபிள்யூ. வால்தர் 1884–85இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில், வெள்ளிக்கிழமை மாலைகளில், இந்த வேறுபாட்டைப் பற்றி மட்டுமே மாணவர்களுக்கு உரையாற்றினார். மொத்தம் 25 கூற்றுகள். நொறுங்கிப்போனவரிடம் நியாயப்பிரமாணத்தையும், பாவத்தில் நிம்மதியாக இருப்பவரிடம் சுவிசேஷத்தையும் பேசுவது வசனத்தைத் தப்பாகப் பகுப்பது என்கிறது ஒரு கூற்று. அதை வாசித்தபோதுதான் அத்தை வீட்டில் நடந்ததற்கு ஒரு பெயர் கிடைத்தது. ஜெபம் நல்லதுதான். அந்த வாக்கியம் போய் விழுந்த இடம்தான் கொடுமை.

பிறகு வந்த வயதான போதகர் ஒருவர் எதையும் விளக்கவில்லை. "தகுதி பார்த்து வைக்கிற பந்தி இல்லம்மா இது. உங்களுக்காகக் கொடுத்தது" என்றார். அவ்வளவுதான். லூதரின் சிறிய ஞானோபதேசமும் திருவிருந்தைப் பற்றிப் பேசும்போது 'உங்களுக்காக' என்ற அந்த ஒரு சொல்லைத்தான் அழுத்திப் பிடிக்கிறது. அத்தை உடனே போய்விடவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்குப் போனார்.

'நீ முழுமனதாக நம்பினால் மன்னிப்பு உண்டு' என்பது சுவிசேஷம் மாதிரியே கேட்கும். ஆனால் அந்த 'ஆல்' விகுதிக்குள் 'செய்' ஒளிந்திருக்கிறது. நம்பிக்கையை ஒரு நிபந்தனையாக ஆக்காதே என்று வால்தர் எச்சரித்தது இதைத்தான்.

அப்போ நியாயப்பிரமாணமே வேண்டாமா? லூதரின் நண்பர் யோஹான் அக்ரிகோலா கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னார். 1537 முதல் லூதர் அவரைக் கடுமையாக எதிர்த்தார். லூதர் பக்கம்தான் நான். நம்மூரில் சாதி பார்த்துக் கல்லறைத் தோட்டத்தைப் பிரித்து வைத்திருக்கும் சபைகள் இருக்கின்றன. அங்கே போய் 'எல்லாம் மன்னிக்கப்பட்டாயிற்று' என்று பிரசங்கித்தால், கேட்பவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள், சுவர் அப்படியே நிற்கும். அத்தைக்குச் சொல்லியிருக்கவே கூடாத 'செய்' அங்கே தேவைப்படுகிறது. முதலில் சுவரை இடி. மற்றதை அப்புறம் பேசலாம்.